அவர் எறியாத தட்டு

எங்கள் தெருவில் பட்டர் என்றால் வெண்ணெய்தான். கூரியரில் வீடு மாறி வந்த பார்சலை வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டம்மா, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவசரமாக ஓடி வந்தார். “பட்டராமே? வெயில்ல உருகிடப் போவுது டீச்சர், மொதல்ல ஃபிரிட்ஜுல வைங்க.”

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்சலைப் பிரிக்கும்போது கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். அவரால் அதை அழுத்த முடியாது.

அமெரிக்காவில் அவர் வேலை பார்த்த சில வருடங்களில்தான் அந்த விளையாட்டு எங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள பிளாஸ்டிக் வட்டை எறிந்து எறிந்து முன்னேறி, கடைசியில் ஒரு கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் போட வேண்டும். யார் குறைவாக எறிந்து முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. தூரத்துக்கு எறிய ஒரு வகைத் தட்டு. கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் நிதானமாகப் போட இன்னொரு வகை. அதற்குத்தான் பட்டர் என்று பெயர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தெரியாத ஊரில் ஞாயிற்றுக்கிழமைகள் மிக நீளமாக இருந்தன. அவற்றை அந்தத் தட்டுகள் நிரப்பின.

ஊருக்குத் திரும்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டி வீடு வாங்கினோம். அவர் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்குப் பின்னால் பீங்கான் செய்யும் ஒரு ஷெட்டின் காலி மனை கிடந்தது. ஷெட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “பாம்பு இருக்குது, பாத்து வெளயாடுங்க” என்றார். அதுவே அனுமதி. ஜங்ஷன் ரோட்டில் வெல்டிங் பட்டறையில் பைப்பையும் பழைய சைக்கிள் ரிம்மையும் கொடுத்துக் கூடை செய்தோம். சங்கிலிக்குச் சந்தையில் மாட்டுச் சங்கிலி வாங்கினோம். தட்டு போய் விழுந்தால் தொழுவத்தில் மாடு எழுந்ததுபோல் சத்தம் வரும். மழை பெய்யும்போதெல்லாம் அந்த மண்ணிலிருந்து பீங்கான் சில்லுகள் மேலே வரும். சில்லில் பட்டால் தட்டின் ஓரம் கீறிக்கொள்ளும் என்பதால், மழை விட்டதும் இருவரும் பக்கெட்டோடு போய்ப் பொறுக்குவோம்.

தட்டு கை நழுவுகிறது என்று அவர் முதலில் சொன்னபோது வேர்வை என்றுதான் நினைத்தோம். பிறகு சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தன் இரண்டு விரலை நீட்டி, “அழுத்துங்க” என்றார். “இன்னும் நல்லா அழுத்துங்க.”

“அழுத்திட்டுத்தான் இருக்கறன் டாக்டர்” என்றார் என் கணவர்.

நரம்பு நோய், மருந்து இல்லை, கையிலிருந்து மெல்ல மற்ற இடங்களுக்கும் போகும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தே சொன்னார்.  திரும்பி வரும்போது பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது அவர் சொன்னார்: “புதுசா ஒரு பட்டர் வாங்கணும்.”

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருடைய பழைய பட்டர் கெட்டியான பிளாஸ்டிக். மெத்தென்று, எடை குறைவாக ஒன்று இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அவரால் பிடிக்க முடியும். பெங்களூர் கடையிலிருந்து மூன்று வகை வரவழைத்தோம். இரண்டை அவர் சொன்னார். இருப்பதிலேயே மெத்தென்ற ஒன்றை நான் சேர்த்தேன். அந்தப் பார்சலைத்தான் பக்கத்து வீட்டம்மா ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னது.

மூன்றையும் மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாக என்னைப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் ஓரத்துக்கு அடியில் மடங்கி. தன் கையால் சரியாக உணர முடியாததால் என் கையை வைத்துப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். முதலாவதன் ஓரம் தடிமனாக இருந்தது. “வெரலு முழுசா மடங்கல பாரு” என்று ஒதுக்கினார். நான் வாங்கிய மெத்தென்ற தட்டை ஒருமுறை வளைத்துப் பார்க்கச் சொல்லி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். செங்கல் நிறத்தில் இருந்த மூன்றாவதை நான் பிடித்ததும் என் விரல்களை நெருங்கிப் பார்த்தார்.

“இதுதான். ஒன் கைக்கு அளவெடுத்தாப்புல இருக்குது.”

“என் கைக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தான வாங்குனோம்?”

“எனக்குன்னு நான் எப்ப சொன்னன்?”

நான் தட்டை மேஜைமேல் போட்டேன். “உங்க பழசே எனக்குப் போதும்.”

“அது என் கைக்குப் பழகுனது. நீ போட்டா வலதுபக்கம் ஓடிடுது. இத்தன வருஷமா ஒனக்குன்னு ஒண்ணு வாங்கவே இல்லியே நாம.”

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவர் கூப்பிடவில்லை. நான் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார் போலும்.

புதுத் தட்டைப் பழக்குவது பொறுமையான வேலை. சோப்புத் தண்ணீரில் கழுவினாலும் வழவழப்பு போகாது. அச்சிலிருந்து வந்த பிசிறு ஓரத்தில் விரலை உறுத்தும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டேன். “வாணாம். விழுந்து விழுந்து தானா தேயட்டும்” என்றார். மாலையில் வேப்பமரத்தடியில் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு எறியத் தொடங்குவேன். தட்டு விறைப்பாகப் போய்ச் சங்கிலியில் மோதித் தெறிக்கும். இல்லாவிட்டால் கூடையருகே போய் இடதுபக்கம் சரிந்து விழும். “தோள இறக்கு” என்பார். “அவசரப்படாத, கூட எங்கயும் போவாது.” நோய் நாக்குக்கு வந்தபின் அந்த வார்த்தைகள் குழைந்தன. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை, அடுப்படி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். நான் வாங்கிய மெத்தென்ற தட்டோடு கூடைக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கினார். தட்டு அவர் காலடியிலேயே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். விரல்களுக்கு அது அகப்படவில்லை. காலால் அதை மெதுவாகப் புல்லுக்குள் தள்ளினார். நான் ஜன்னலைவிட்டு விலகிவிட்டேன். அவர் வந்து உட்கார்ந்ததும் டீ கொடுத்தேன். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

என்னுடைய செங்கல் நிறத் தட்டை அவர் ஒருமுறைகூட எறியவில்லை. ஒருநாள் அதை அவர் மடியில் வைத்து, “ஒரே ஒருதடவ, பக்கத்துலேருந்தே போடுங்களேன். நான் கையப் புடிச்சிக்கறேன்” என்றேன்.

“ரெண்டு கை பழகுனா ஒண்ணுக்கும் ஆவாது” என்றார். அது உண்மையில்லை என்று இருவருக்குமே தெரியும்.

ஐப்பசி மழை வந்து போனது. கார்த்திகைக் கடைசியில் ஒரு மாலை, தட்டு என் கையிலிருந்து ஓசையில்லாமல் கிளம்பியது. சரியவில்லை, தெறிக்கவில்லை. சங்கிலிகளுக்கு நடுவில் போய் நின்று, கூடைக்குள் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவருக்குப் பேச்சு முழுவதும் நின்றுவிட்டிருந்தது. கண்ணை மூடித் திறந்தார். இன்னொரு தடவை என்று அர்த்தம். மறுபடியும் எறிந்தேன். இருட்டும்வரை எறிந்தேன்.

மாசி மாதம் அவர் போனார்.

காரியத்துக்கு வந்திருந்த கம்மாபுரத்து நாத்தனார், துவைத்த துண்டுகளைக் கொண்டுபோய்க் கூடைமேல் விரித்துப் போட்டார். “இது என்னாத்துக்கு நட்டு வச்சிருக்கீங்க? துணி காயவைக்கவா?” என்று கேட்டார். தம்பியைப் பறிகொடுத்து அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. அவரிடம் என்ன விளக்குவது? “ஆமாங்க அண்ணி” என்றேன்.

பல மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் மழை விட்டபின் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சில்லு பொறுக்கினேன். பிறகு எறிந்தேன். அழுகை வந்தால் அழுவேன், அதோடேயே எறிவேன்.

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், இந்த விளையாட்டு தெரிந்த கொஞ்சம் பேர் கூடி ஒரு போட்டி நடத்தினார்கள். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனேன். பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். சுடிதார் போட்டு வந்த நடுவயது டீச்சரை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தூர எறிதலில் எல்லோருக்கும் பின்னால் இருந்தேன். கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் மட்டும் ஒன்றும் தவறவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என்னோடு விளையாடிய ஒரு பெண் என் பட்டரைக் கேட்டு வாங்கினாள். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“சூப்பரா பழகியிருக்குது ஆன்ட்டி. இப்படி ஆவுறதுக்கு ரொம்ப நாள் ஆவுமே! யாரு பழக்குனாங்க?”

வாயைத் திறந்தேன். அவர் தேர்ந்தெடுத்தது, அவர் சொல்லச் சொல்ல எறிந்தது. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் என் கையால் விழுந்தது. அவருடைய விரல் பட்டுத் தேய்ந்த இடம் என்று தொட்டுக்காட்ட அதில் ஒன்றுமில்லை.

“நான்தாம்மா” என்றேன்.

பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தேன். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். நெய்வேலி வழியாக வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நேராக வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, பையை வைத்தேன். எத்தனையாவது வந்தேன் என்று கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லலாமா என்று வாசல்வரை போனேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. திரும்பி உள்ளே வந்து உலை வைத்தேன்.