திருப்ப மறந்த ட்ரொலி

என் அப்பா ஆஸ்பத்திரியில் ட்ரொலி தள்ளினார். பள்ளிக்கூடப் படிவங்களில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘சுகாதார உதவியாளர்’ என்று எழுதுவேன். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சிரிப்பார்.

“அது ஆரு புள்ள, புதுசா ஒரு ஆள்? ட்ரொலி தள்ளுறவன் எண்டு எழுதன்.”

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. என் புத்தக அலுமாரி, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்த வெறும் சேலைன் பெட்டிகளை அடுக்கி அப்பா கட்டியது. மாரி மழையில் அடிப்பெட்டி ஊறிப்போகும். அவர் புதிதாக ஒன்று கொண்டுவந்து, உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி வைப்பார்.

குருக்கள்மடத்திலிருந்து பட்டணத்துக்கு பஸ்ஸில் போய் வருவார். திரும்பி வந்ததும் வேலிக் கடப்படியில் நின்று ஒருமுறை இருமுவார். அந்த இருமல் எனக்கும் தங்கச்சிக்குமான அறிவித்தல். ஆஸ்பத்திரி அழுக்கோடு நிற்பவரை ஓடி வந்து தொடக் கூடாது. நேரே கிணற்றடிக்குப் போவார். வாளி விழும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் முடிந்த பிறகுதான் “எங்க என்ட ராசாத்திமார்?” என்ற குரல் வரும். அதுவரை நாங்கள் பின்கதவில் நிற்போம். பெரிய பிள்ளைகளான பிறகும் நின்றோம்.

உயர்தரம் படித்த காலத்தில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகும் சாட்டில் அவர் வேலையைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் தலைமாட்டில் நின்று, படுத்திருப்பவரின் கால் முன்னே போகும்படி தள்ளுவார். எல்லோரும் அப்படித்தான் தள்ளுவார்கள். அப்பா மட்டும் வழி நெடுகக் கதைப்பார்.

“ஐயாக்கு எந்தப் பக்கம்? உன்னிச்சையா? குளத்தில தண்ணி எப்பிடி? உங்கட வட்டைக்கு இன்னும் திறந்து விடல்லையா?”

வயல்காரர் வலியை மறந்து, தன் வயலுக்குத் தண்ணீர் வராத கதையைச் சொல்லத் தொடங்குவார். ஆனால் நோயாளர் வாட்டு வாசலோ ஒப்பரேஷன் தியேட்டர் வாசலோ வந்ததும் அப்பா ட்ரொலியை நிறுத்தி அரைவட்டம் திருப்புவார். தான் முதுகுப் பக்கமாக முதலில் நுழைந்து, நோயாளியைத் தலை முன்னாக உள்ளே இழுப்பார். எங்கள் ஊர்களில் பிணத்தைத்தான் கால் முன்னாக வாசல் கடத்துவார்கள். அந்தப் பயம் பலருக்கு உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். தலை முன்னாகப் போனால் படுத்திருப்பவர், வாசலில் நிற்கும் தன் ஆட்களைப் பார்த்தபடியே உள்ளே போகவும் முடியும்.

ஒரு தாதி அலுத்துக்கொண்டார். “அண்ணன், இதென்ன தேரா? வாசலுக்கு வாசல் நிப்பாட்டித் திருப்புறீங்க!”

“தேரையும் நிப்பாட்டித்தானே மிஸ் திருப்புறாங்க.”

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போன முதல் வருடம், விடுமுறையில் வந்து அவருக்கு வகுப்பு எடுத்தேன். “இதெல்லாம் மூடநம்பிக்கை அப்பா. கால் முன்னால போனா என்ன, தலை முன்னால போனா என்ன?”

“எனக்கு நம்பிக்கை இல்ல புள்ள,” என்றார் அவர். “படுத்திருக்கிற ஆளுக்கு இருக்கு.”

அடுத்த வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. இரத்தம் போய்ப்போய் ஆள் வெளிறிவிட்டாள். உடனே வெட்டி எடுக்க வேண்டும், இரத்தம் இவ்வளவு குறைந்திருப்பதால் கொஞ்சம் பயம்தான் என்று டொக்டர் அப்பாவிடம் நேரடியாகச் சொன்னார். நான் விடுதியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். அம்மாவை ட்ரொலியில் ஏற்றியிருந்தார்கள். அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

“நீங்க இரிங்க அண்ணன். நான் கொண்டு போறன்.”

“இருபது வருசமா ஊராக்கள்ற பொஞ்சாதிமாரத் தள்ளினன். என்ட பொஞ்சாதிய நீ தள்ளுவியா? தள்ளி நில்லு!”

அம்மாவே சிரித்துவிட்டாள். ஆனால் தள்ளத் தொடங்கியதும் அப்பா பேசவே இல்லை. “என்ன, ஊமையாயிட்டீங்க? என்ட ஊர் எதெண்டு கேளுங்களன்,” என்றாள் அம்மா. அவர் கேட்கவில்லை. பார்வை எதிரே இருந்த கதவில் மட்டும் இருந்தது. தியேட்டர் வாசல் வந்தது. நிற்காமல் நேரே தள்ளினார். அம்மாவின் கால்கள் முதலில் வாசலைக் கடந்தன. கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்கலாம் என்று நின்ற எனக்கு அவளுடைய உச்சந்தலைதான் தெரிந்தது.

உள்ளே ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தவர் இரண்டு அடி வைத்ததும் நின்றார்.

“புள்ள, நான் திருப்பினனா?”

நான் மூடிய கதவைப் பார்த்தேன்.

“திருப்பல்ல என்ன?” கதவுக்குத் திரும்பிப் போனார். “ஒருக்கா வெளிய எடுத்து, மறுகா…”

கூட வேலை செய்பவர் அவர் கையைப் பிடித்தார். “விசரா அண்ணன் உங்களுக்கு? இப்ப மயக்கம் குடுத்திருப்பாங்க.”

உறவினர்கள் காத்திருக்கும் மர வாங்கில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரம் அசைந்துவிட்டு, “இந்த வாங்கு இவ்வளவு கட்டியா? இத்தனை வருசமா சனத்த இதிலயா இருக்கச் சொன்னன்?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்ச புள்ள, சொல்லு. அதில ஒண்டுமில்லத்தானே?”

“ஒண்டுமில்ல அப்பா.”

“வடிவாத் தெரியுமா?”

“உங்களுக்கும் நம்பிக்கை இல்லையெண்டு சொன்னீங்களே.”

“அது மத்தாக்கள்ற பொஞ்சாதிமாருக்கு.”

ஒன்றரை மணித்தியாலம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மணித்தியாலம் ஆயிற்று. இடையில் ஒரு தாதி வந்து இன்னும் இரத்தம் வேண்டும் என்றார். யாரையும் அனுப்ப விடாமல் அப்பாவே இரத்த வங்கிக்கு ஓடிப்போய்ப் பெட்டியில் எடுத்துவந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். பரீட்சையில் மனப்பாடம் செய்ததைச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னேன். என் கை சில்லிட்டிருந்தது அவருக்குத் தெரியக் கூடாது என்று புத்தகப் பையை மடியில் வைத்து அதற்குக் கீழே ஒளித்துக்கொண்டேன். படித்த படிப்பில் ஒரு வரிகூட அந்த வாங்கில் உதவிக்கு வரவில்லை.

கதவு திறந்தது. டொக்டர் அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் செய்தி. அப்பா அழவில்லை. ட்ரொலியைப் பிடித்தார்.

தியேட்டர் வாசலில் திருப்பினார். லிஃப்ட் வாசலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் திருப்பினார். வாட்டு வாசலில் திருப்பினார். வாசலே இல்லாத ஒரு மூலையிலும் நிறுத்தித் திருப்பினார். அரை மயக்கத்தில் அம்மா, “தலை சுத்துது,” என்றாள்.

“மயக்க மருந்தால இல்லம்மா, இவராலதான்,” என்றார் கூட வந்த தாதி.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். “நீங்க திருப்பாதது எனக்கு அப்பவே தெரியும்.”

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்தார். “தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க அந்த இடத்திலேயே விழுந்திருப்பீங்க. மறுகா உங்களுக்கும் ஒரு ட்ரொலி தேடோணும். அதான் பேசாமப் படுத்தன்.”

அதன் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அம்மா அதை எடுப்பாள். “கால் முன்னுக்குப் போய்த் திரும்பி வந்தவள் நான். என்னோட கவனமாக் கதைக்கோணும்.” அப்பா உடனே தோற்றுப்போவார்.

நான் பட்டம் பெற்ற அடுத்த வருடம் அப்பா போனார். ஒரு காலை, வேலைக்குப் போகச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். அவருடைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் தரவில்லை.

மறுநாள் கூட வேலை செய்தவர்கள் சீருடையோடு வந்து சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், “காலை முன்னுக்குப் பிடியுங்க தம்பிமார்,” என்றார். அவர்கள் அப்படியே பிடித்தார்கள். வாசலுக்கு வந்ததும் முன்னால் பிடித்தவர், அப்பாவோடு ட்ரொலி தள்ளிய பழக்கத்தில், திருப்புவதற்கு நிற்பதுபோல் ஒரு கணம் நின்றார். அன்று தியேட்டர் வாசலில் அப்பாவின் கையைப் பிடித்தவர் அவர்.

அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

“நானும் இப்பிடித்தான் போனன்,” என்றாள். “போய்த் திரும்பி வந்தன். நீங்களும் வாங்களன்.”

யாரோ அவள் விரல்களை மெல்ல எடுத்துவிட்டார்கள்.

மயானத்துக்குப் போன ஆண்கள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குள் வராமல் நேரே கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்கள். வாளி விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. என்னருகில் இருந்த தங்கச்சி சட்டென்று எழுந்து பின்கதவுக்குப் போனாள். ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டியவள் நான். நானும் எழுந்து போய் அவளோடு நின்றேன்.