மூக்கைப் பிடித்தபடி கொள்ளுப்பிட்டிக்கு

பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டேன். அதற்குப் பிறகு கிடைத்த வேலைகளை அதைவிட வேகமாக விட்டேன். பேக்கரி, லொறி, உப்பளம் என்று சுற்றி, கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனில் தலை பிடித்துவிடுகிறவனாக வந்து நின்றேன்.

முதலாளி மயிர் வெட்டி முடித்ததும் ஆளை என் பக்கம் தள்ளிவிடுவார். உச்சியில் எண்ணெய் வைத்துப் பத்து விரலாலும் தட்டி, தோளைப் பிசைந்து, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கி அனுப்புவேன். யுத்த காலத்தில் கொழும்புத் தமிழர் எல்லாருக்கும் ஒரே கழுத்துத்தான் இருந்தது. கருங்கல். கண்ணை மூடி “அப்பாடா” என்று சாய்ந்திருப்பவர்கூட வாசலில் ஒரு நிழல் விழுந்தால் எழுந்து அடையாள அட்டையைத் தேடுவார்.

இரண்டு முறை சுற்றிவளைப்பில் என்னையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு முறையும் விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது சலூனில் வேறு ஒருவன் தலை தட்டிக்கொண்டிருந்தான். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன்.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு லொட்ஜ். பலகை அடித்துப் பிரித்த அறைகள். அங்கே இருந்த எல்லாரும் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போகக் காத்திருந்தார்கள். எனக்குப் போக ஒரு நாடும் இல்லை, கட்டில் மலிவு என்பதால் இருந்தேன். லொறியில் பழகிய சிங்களம் கையில் இருந்தது. பொலிஸ் பதிவுக்கும் தூதரகங்களுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வருவேன். லொட்ஜ் நடத்திய அக்கா அதற்காக எனக்குச் சோறு போட்டார்.

எனது பக்கத்துக் கட்டில்காரரைத் தபால் அண்ணை என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவருடைய பெயரிலேயே தேடப்பட்ட இன்னொருவன் இருந்திருக்கிறான். ஆமி முகாமில் பெயரைக் கேட்டார்கள், இவர் சொன்னார், வீட்டுக்குப் போகச் சில வாரங்கள் எடுத்தது. அன்றிலிருந்து சீருடையைக் கண்டால் குரல் நின்றுவிடும். பொலிஸ், ஆமியோடு நின்றாலும் பரவாயில்லை. புடவைக்கடைக் காவலாளியிடமும் ஊமை. ஒருநாள் லொட்ஜுக்குத் தபால்காரர் வந்து பெயரைக் கேட்டபோதும் ஊமை.

“நீங்களே தபால் கந்தோர் ஆள். காக்கிச் சட்டையைப் பாத்து ஏன் அண்ணை முழிக்கிறியள்?” என்று கேட்டேன்.

“அங்கை நான் மேசைக்கு உள்பக்கம் இருந்தனான் தம்பி” என்றார்.

மனைவியும் மகளும் கனடாவில் இருந்தார்கள். கொள்ளுப்பிட்டியில் தூதரகத்தில் நடந்த விசா நேர்முகத்துக்கு ஒருமுறை போயிருக்கிறார். வாசல் காவலாளி பெயரைக் கேட்டதோடு குரல் போய்விட்டது. உள்ளே மனைவியின் பிறந்தநாளைக் கேட்டபோதும் திரும்பி வரவில்லை. கட்டின பெண்சாதியின் பிறந்தநாள் தெரியாதவன் எப்படிப் புருஷன் என்று மறுத்துவிட்டார்கள். எப்படியோ இன்னொரு தவணை கொடுத்திருந்தார்கள். இதுவும் பிழைத்தால் அவ்வளவுதான் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். கொம்யூனிகேஷன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அவர் போன் பேசும்போது மனைவியின் குரல் வெளியில் நிற்கிற எனக்கே கேட்கும்.

“இஞ்சருங்கோ, இந்த முறையாவது வாயைத் திறவுங்கோ!”

பெட்டிக்குள் அவர் வாய் நன்றாகத்தான் திறந்தது. “ஓம், ஓம்” என்றார்.

முதலில் என் வைத்தியம். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, நல்லெண்ணெய் வைத்து, கொட்டாஞ்சேனை முறைப்படி தட்டினேன். அண்ணைக்கு நன்றாகப் பிடித்திருந்தது. பிறகு கழுத்தைச் சொடுக்கினேன். சத்தம் அடுப்படி வரை கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருடைய தலை கடல் பக்கமாகவே திரும்பியிருந்தது. வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் முகத்தைப் பார்க்கச் சொன்னபோது, உடம்பு முழுவதையும் ஒரு அலுமாரியைத் திருப்புவதுபோலத் திருப்பவேண்டியிருந்தது.

“ஆளைக் கனடாவுக்கு அனுப்பப் போறியோ, இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கோ?” என்று அக்கா அகப்பையோடு வந்தார். “வயித்துக்குள்ள ஒண்டுமில்லாமல் குரல் எங்கையிருந்தடா வரும்? முதல் மனுசனைத் தின்ன விடு.”

அடுத்த ஒழுங்கையில் ஒரு மாடிவீட்டு மொட்டை மாடியில் யோகா நடந்தது. மாஸ்டர் ஒரு சிங்களவர். ரெயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வருகிறவர்களோ பெரும்பாலும் வெளிநாட்டு மாப்பிள்ளைக்காக விசா பார்த்துக்கொண்டிருந்த பெண்கள். அண்ணை தனியாகப் போக வெட்கப்பட்டதால் நானும் போனேன். எனக்கு ஒரு இடத்தில் சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான ஆசனம்.

மாஸ்டருக்கு மணிக்கூடு தேவையில்லை. கீழே கரையோரம் ரெயில் பாதை. “மூச்சு உள்ள எடுங்க. பிடிங்க. ரெயில் போனா விடுங்க” என்பார். அலுவலக ரெயில் சட்டென்று போய்விடும், நன்றாக இருக்கும். ஒருநாள் எண்ணெய் ஏற்றிய பெட்டிகளோடு ஒரு நீள ரெயில் வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். அது எங்களுக்கு நேரே வந்து சிக்னலுக்காக நின்றுவிட்டது.

மாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். கார்டாக இருந்த ஆள், ரெயில் தன் பாட்டில் போகும் என்று நம்பியிருந்தார். பெண்களின் முகம் சிவந்துகொண்டே வந்தது. முதலில் வெடித்தவள் ஒரு கல்யாணப் பெண்.

“மாஸ்டர்! ரெயில் நிண்டிட்டுது! நான் லண்டன் போகவேணும், மேல போகேலாது!”

அன்று சிரித்ததுபோல் அண்ணை சிரித்து நான் பார்த்ததில்லை. மாஸ்டரும் சிரித்துவிட்டு, எல்லாரையும் பிணம்போல் மல்லாந்து படுக்கச் சொன்னார். அண்ணை உடனே குறட்டை விட்டார். மாதக்கணக்காகத் தூங்காத மனிதர் என்று மாஸ்டரிடம் சொன்னேன். எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வெயில் படாமல் அவர் முகத்துக்குத் தன் பழைய ரெயில் பச்சைக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணைக்கு மாஸ்டர் தனியாக ஒரு மூச்சுப் பயிற்சி கொடுத்தார். பெருவிரலால் வலது மூக்கை அடைத்து இடதால் இழுக்கவேண்டும். பிறகு மோதிரவிரலால் இடதை அடைத்து வலதால் விடவேண்டும். அப்படியே மாற்றி மாற்றி. பாதியில் நிறுத்தக்கூடாது. “பஸ்ல செய்யலாம், கியூவில செய்யலாம். யாருக்கும் தெரியாது” என்றார் மாஸ்டர்.

யாருக்கும் தெரியாது என்றதை நாங்கள் நம்பினோம்.

நேர்முக நாள் காலையில் அக்கா அண்ணைக்கு நாலு இடியப்பம் கூடுதலாக வைத்தார். புறக்கோட்டை பஸ் ஏறினோம். கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் எல்லாரையும் இறக்கினார்கள். பஸ் அந்தப் பக்கம் போய் நிற்கும், நாங்கள் அட்டையைக் காட்டி நடந்துபோய் ஏறவேண்டும். அண்ணை எனக்கு முன்னால் நின்றார். அவருடைய பிடரியில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். அதற்குள் அவருடைய வலது கை மேலே போய்விட்டது.

வெள்ளவத்தைக் கால்வாயை மணந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் பக்கத்தில் விடியற்காலையிலிருந்து வெயிலில் நிற்கும் ஒரு பொலிஸ்காரர். அவருக்கு நேரே வந்து, கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தமிழர்.

“மொகத?” என்ன விஷயம் என்றார் பொலிஸ்காரர்.

அண்ணை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஏய்! கந்தத?” நாறுதா என்று கேட்கிறார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிவிட்டார்.

“ஐயோ அண்ணை, கையை எடுங்கோ!” என்று பின்னால் நின்ற ஒரு பெண் கத்தினாள். அண்ணை விரலை மாற்றி மற்ற மூக்கைப் பிடித்தார். பாதியில் நிறுத்தக்கூடாது அல்லவா.

நான் முன்னால் பாய்ந்தேன். என் லொறிச் சிங்களத்தில் டயருக்குச் சொல் இருந்தது, பிரேக்குக்கு இருந்தது, மனப்பதற்றத்துக்கு இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னேன். சேர், இந்த மனிதருடைய எஞ்சின் சூடாகிவிட்டது, காற்று விட்டு ஆற்றுகிறார்.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். காலையிலிருந்து இந்த நாற்றத்துக்குள் நிற்கிறேன், நான் மூக்கைப் பிடித்தேனா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மற்றப் பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பச் செய்து காட்டட்டும் என்றார் அவர். ஆக, பாலத்தின் நடுவில், இரண்டு துப்பாக்கிக்கு முன்னால், ஒரு பஸ் சனம் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை முழுப் பயிற்சியையும் முதலிலிருந்து செய்துகாட்டினார். கண்டக்டர் தூரத்திலிருந்து “யமு, யமு!”, போவோம் போவோம் என்று தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அண்ணை அவசரப்படவில்லை. கடைசி மூச்சை விட்டுக் கையை இறக்கிக் கண்ணைத் திறந்தார்.

“நம மொகத்த?” பெயர் என்ன என்றார் பொலிஸ்காரர்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணை முந்திக்கொண்டார். முதலெழுத்து, பெயர், தகப்பன் பெயர், ஊர், கந்தோர், அங்கே எந்த மேசை, மாறிப்போன கந்தோர், அங்கே யார் தபாலதிபர், எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ்.

“ஹரி, ஹரி, யன்ன!” சரி சரி, போ என்று பொலிஸ்காரர் அட்டையை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அண்ணை என்னைக் கேட்டார். “தம்பி, நான் கதைச்சனானே?”

“கதைச்சியள் அண்ணை. அவர்தான் நிப்பாட்டினவர்.”

ஆனால் பாலம் வேறு, தூதரகம் வேறு. வாசல் காவலாளியைத் தாண்டி அவர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்க மரநிழலில் நின்றேன். அவர் பேசுவாரா மாட்டாரா என்று எனக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. பொலிஸ் நிலையத்தில் இருந்தபோதுகூட அப்படி அடித்ததில்லை. பக்கத்தில் அச்சாறு விற்றுக்கொண்டிருந்த முஸ்லிம் மனிதர் என்னை முறைத்தார்.

“தம்பி, மூக்கப் பொத்துறீங்க? நம்மட அச்சாறு இண்டக்கிப் போட்டது.”

அப்போதுதான் என் பெருவிரல் எங்கே இருந்தது என்று பார்த்தேன். வெட்கத்தில் ஒரு பை அச்சாறு வாங்கினேன்.

வெயில் சாய்ந்தபோது அண்ணை வெளியே வந்தார். காலி வீதியைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார்.

“என்ன அண்ணை?”

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“என்ன நடந்தது? சொல்லுங்கோவன்!”

ஒரு கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மற்றக் கையால் மூக்கைப் பிடித்தார். நடைபாதையில் சனம் எங்களைச் சுற்றிப் போனது. அவர் இடதால் இழுத்து வலதால் விட்டார். வலதால் இழுத்து இடதால் விட்டார். பாதியில் நிறுத்தக்கூடாது என்று கண்டுபிடித்தவனை நான் மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினேன். கடைசியில் கை இறங்கியது.

“புதன்கிழமை பாஸ்போட்டைக் கொண்டுவரட்டாம்.”

“அண்ணியின்ர பிறந்தநாளைக் கேட்டவையே?”

“கேட்டவை. மாமியாற்ற பிறந்தநாளையும் சேத்துச் சொன்னனான்.” அச்சாறுப் பையை என் கையிலிருந்து பறித்து ஒரு மாங்காய்த் துண்டை வாயில் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் காக்கிச் சட்டைக் கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தான். அண்ணை நிமிர்ந்து, முதலெழுத்தோடு தன் முழுப்பெயரையும் சொன்னார். அவன் கேட்டது எங்கே இறங்குவது என்று மட்டும்தான்.