எரிகோவைச் சுற்றிய ஞாயிறு

என் சின்னம்மாவிடம் வேதாகமம் படித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு வசனம்கூட ஒழுங்காகப் பாடமில்லை. ஆனால் மீன் வயிற்றுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டால் எல்லோரும் சொல்லுவோம். இருட்டாக இருக்கும், புழுக்கமாக இருக்கும், பக்கத்தில் இருக்கிறவன் காலால் உதைப்பான். சாப்பாட்டு மேசையின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டால் அதுதான் மீன். எங்கள் மீன் ஒரே தடவையில் மூன்று யோனாக்களை விழுங்கும். மனந்திரும்பினேன் என்று உள்ளேயிருந்து கத்தினால்தான் சின்னம்மா காலைப் பிடித்து வெளியே இழுப்பார். சிலபேர் மனந்திரும்ப மறுத்து உள்ளேயே நித்திரையாகிப் போனதும் உண்டு.

சின்னம்மா அம்மாவின் தங்கை. அப்பாவுக்குக் கண்டித் தபால் கந்தோரில் உத்தியோகம். சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஒரு பெண்கள் பாடசாலையில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் உபதேசியார் எங்களை வாங்குப் பலகையிலே வரிசையாக இருத்தி வசனம் ஒப்புவிக்கச் சொல்லுவார், நாங்கள் விழிப்போம். பின்னேரம் வீட்டில் சின்னம்மாவின் வகுப்பு. அதற்குப் பக்கத்து வீட்டுப் புடவைக்கடைக்காரரின் பிள்ளைகள் இரண்டு பேரும் தவறாமல் வருவார்கள். நோவாவும் யோனாவும் நம்மட நூஹ் நபியும் யூனுஸ் நபியும்தானே, போய் விளையாடிட்டு வாங்க என்று அவர்களுடைய உம்மா அனுப்பிவிடுவார். நோவாவின் பேழையில் மிருகங்கள் சோடி சோடியாக ஏறும்போது பன்றியாக இருக்க அவர்களால் முடியாது, எங்களுக்கும் மனமில்லை. ஆகவே எங்கள் பேழையில் பன்றி ஏறவே இல்லை. அந்த இனம் வெள்ளத்தோடு போயிற்று. உபதேசியார் கேள்விப்பட்டு, வேதத்தை விளையாட்டாக்கக் கூடாது என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சின்னம்மாவுக்கு மலாயாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஏற்கெனவே இரண்டு பேச்சுக் குழம்பிப் போயிருந்ததால் அம்மாவுக்கு இதை விட மனமில்லை. மாப்பிள்ளைக்கு அங்கே ரயில்வேயில் நல்ல உத்தியோகம், தகப்பன் இல்லை, ஒரே பிள்ளை, தாயும் கூடவே இருக்கிறார். கலியாணம் முடிந்தால் மூவரும் ஒரே வீட்டில்தான். குசினியில் அம்மா இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சின்னம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவருக்குச் சொந்தமா வாய் இருக்கோ அக்கா, இல்லாட்டி எல்லாத்துக்கும் தாய்தானோ?"

இதெல்லாம் கேட்கிற வயதா உனக்கு என்று அம்மா சீறினார். சின்னம்மா மறுபடியும் தேங்காயைத் துருவத் தொடங்கினார். அன்று முழுக்க அவர் முகம் நன்றாக இல்லை.

எனக்கு அந்த மாப்பிள்ளையைக் காணாமலே பிடிக்கவில்லை. அவர் சின்னம்மாவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் எங்களுக்கு உபதேசியார்தான் மிச்சம். அந்த ஆள் வந்த வழியே ஓடிவிட வேண்டும் என்று நான் ஜெபமே செய்தேன்.

லீவில் கப்பலேறி வந்திருந்த அவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு ஞாயிறு பின்னேரம். அன்றைக்கு வகுப்பும் இல்லை, கூத்தும் இல்லை, ஒரு சின்னச் சத்தமும் கேட்கக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டுவிட்டார். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் பாவம், சத்தமில்லாத விளையாட்டு ஒன்று இருக்கிறது என்றார் சின்னம்மா. வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுதாகப் படித்து முடிக்கிற அம்மாவுக்கு அந்த நேரத்தில் அது என்ன விளையாட்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

சின்னம்மா எங்களைப் பின்பக்கம் கூப்பிட்டு எரிகோவின் கதையைச் சொன்னார். மதில் சூழ்ந்த பட்டணம். இஸ்ரவேலர் எக்காளங்களோடு, வாயே திறக்காமல் அதைச் சுற்றி நடந்தார்கள். எங்கள் வீடுதான் எரிகோ, நாங்கள் இஸ்ரவேலர். ஏழு சுற்று முடியும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டக் கூடாது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று புடவைக்கடைக்காரரின் மகன் கேட்டான்.

"பிறகு வேதத்தில உள்ளபடி செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு சின்னம்மா சேலை மாற்றப் போனார்.

இந்தக் கதை தனக்குத் தெரியாது, ஆனாலும் எக்காளம் தான்தான் ஊதுவேன் என்று அவன் வீட்டுக்கு ஓடி மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலைக் கொண்டுவந்தான்.

எங்கள் வீடு மலையை வெட்டிக் கட்டியது. பின்சுவருக்கும் மண் மேட்டுக்கும் இடையில் மழைத்தண்ணீர் ஓடுகிற, பாசி பிடித்த கான் ஒன்றுதான் வழி. அதிலே பக்கவாட்டில் நகர்ந்து, குசினியைத் தாண்டி, முன்பக்கத்து யன்னலடியில் வெளிப்படுவோம். ஒவ்வொரு தடவையும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மொடமொடவென்ற சேலையில் தாய் பெரிய கதிரையில் இருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை கோட்டும் டையுமாகத் தன் முழங்காலைப் பார்த்தபடி இருந்தார். அம்மா கேக் தட்டை நீட்டினால் அவர் தாயைப் பார்ப்பார். தாய் தலையசைத்த பிறகுதான் ஒரு துண்டை எடுப்பார். சீனி எத்தனை கரண்டி என்று அவரைக் கேட்டால் தாய் ஒன்று என்பார். மலாயாவில் மழை எப்படி என்று கேட்டதற்கும் தாய்தான் பதில் சொன்னார். சின்னம்மா முறைப்படி குனிந்துதான் இருந்தார், ஆனால் கண் மட்டும் மாப்பிள்ளையை விட்டு அசையவில்லை.

சேறு அப்பிய பாதங்களோடு வாயை இறுக்கி மூடிய பிள்ளைகள் திரும்பத் திரும்ப யன்னலைத் தாண்டிப் போவது தாய்க்குச் சங்கடமாகிவிட்டது போலும். இந்தப் பிள்ளைகளுக்கு ஏதும் சுகமில்லையா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. இல்லையில்லை, நல்ல அடக்கமான பிள்ளைகள் என்றார் அம்மா.

ஏழாம் சுற்று முடிந்தது. புனல் ஊதிற்று. வேதத்தில் எக்காளம் ஊதியதும் இஸ்ரவேலர் கத்தின கத்தலில்தான் எரிகோவின் மதில் இடிந்து விழுந்தது. நாங்கள் அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அந்த யன்னலுக்குள் கத்தினோம். தாயின் கையிலிருந்த தேத்தண்ணீர் முழுவதும் மடியில் கொட்டியது. அம்மா எழுந்து நின்றுவிட்டார். அதற்கு மேலாக ஒரு சிரிப்புக் கேட்டது. மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துச் சிரித்து யன்னலடிக்கு வந்தார்.

"மதில் விழுந்திட்டுதோ பிள்ளையள்?"

விழவில்லை என்று நான் கோபமாகச் சொன்னேன். அவர் இன்னும் சிரித்தார். தாய் நனைந்த சேலையோடு அதிக நேரம் இருக்கவில்லை. குடையைக் கையில் எடுத்து மகனைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

அம்மா நெற்றியில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், பத்திரிகை குலுங்கியது. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். என் ஜெபம் இவ்வளவு சுறுக்காகப் பலித்தது அதுதான் முதல் தடவை. சின்னம்மா அழுவார், ஆறுதல் சொல்லலாம் என்று குசினிக்கு ஓடினேன். அவர் கோப்பைகளைக் கழுவியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் இனி வரமாட்டார், பயப்படாதேங்கோ என்றேன்.

"வருவார்," என்றார் சின்னம்மா. "சிரிக்கேக்கை அவர் தாயைப் பாக்கேல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கிறதற்கு ஒருவர் எதற்குத் தாயைப் பார்க்க வேண்டும்? சின்னம்மாவுக்கு மனவருத்தத்தில் பேச்சுத் தடுமாறுகிறது என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன். அவர் இனி எங்கேயும் போகமாட்டார் என்ற நிம்மதியோடு ஈரக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தேன். வருகிற ஞாயிறு எந்தக் கதை விளையாடுவோம் என்றும் கேட்டேன்.