மூணு மாச லீவு

போன செவ்வாய்க்கிழமை ஒரு சத்தியத்தை மீறினேன். இன்று வரை துளிகூட வருத்தமில்லை!

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரருக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. இருபத்தாறு வருஷம். பம்ப், மோட்டார், இன்ஜின்... எது நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். மூன்று மாசம் முன்னால், ஐம்பத்து மூணு வயசாயிடுச்சே என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு இன்டர்வியூ. மகன் வயசுப் பையன் ஒருத்தன், “கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் போடுவீங்களா அங்கிள்?” என்று கேட்டானாம். வேலை போனதைவிட அந்த ‘அங்கிள்’தான் மனுஷனைச் சாய்த்துவிட்டது.

ஊரில் லீவு என்று சொல்லிவிடு, உன் அண்ணனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர் தோணிரேவில் ஒரு ரகசியம் மூணு மாசம் தங்கினதே அதிசயம்தான். ‘கம்பெனின்னா இப்படி இருக்கணும், இவ்ளோ லீவு தர்றான் பாரு’ என்று பக்கத்து வீட்டில் பொறாமை வேறு! அவரோ தினமும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் வந்தார். முகமே சரியில்லை. மறுநாள் அவருக்குப் பாடு. அதாவது, எங்கள் ஏரியில் இன்னாருக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. இந்தத் தடவை நல்லா இறால் விழுகிற இடம். அன்றைக்குப் பார்த்து போட் இன்ஜின் படுத்துவிட்டது. விடிந்ததும் போய் வலை கட்டாவிட்டால் அந்த முறை போனது போனதுதான்.

மெக்கானிக்? பழவேற்காட்டில் இருந்தவர் துபாய் போய்விட்டார். எளாவூர்க்காரர் எட்டு நாள் ஆகும் என்கிறார். இன்னொருத்தர் போனையே எடுக்கவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்கலாமே? கம்பெனியில் பெரிய மெஷின் பார்க்கிறவரை, அதுவும் லீவில் இருப்பவரை, சேற்றில் இறக்குவதா என்று அண்ணனுக்குக் கூச்சம். இன்ஜினில் கை வைத்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்களே என்று இவருக்குப் பயம். கண்ணை டிவியிலிருந்து எடுக்கவே இல்லை.

கொஞ்சம் யோசியுங்கள்... கம்பெனியில் அனுபவஸ்தருக்கு வேலை இல்லையாம். கரையில் வேலைக்கு அனுபவஸ்தர் இல்லையாம். நடுவில் ஒருத்தர் எங்கள் வீட்டில் சீரியல் பார்க்கிறார்!

எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, அவருக்கு லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை போயி மூணு மாசம் ஆவுது. கூட்டிட்டுப் போ.”

டிவி அணைந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஐயோ, அவசரப்பட்டுட்டோமே என்றாகிவிட்டது. அண்ணன் இப்போது பரிதாபப்படுவார், இவர் செத்தே போவார் என்று நினைத்தேன்.

அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது. “இன்னா மாப்ள, மொதல்லயே சொல்லக் கூடாதா? வூட்டுலயே ஆளை வெச்சிக்கினு ஊரெல்லாம் கெஞ்சிக்கினு இருக்கேன்!”

அவ்வளவுதான். ஒரு ‘ஐயோ பாவம்’ இல்லை. இவர் எழுந்து டூல் பாக்ஸைத் தேடினார்.

கரையில் என் புது பெட்ஷீட்டை விரித்து — கேட்கவா செய்தார்? — கழற்றின ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்தார். கம்பெனிப் பழக்கம். டீசலில் உப்புத்தண்ணி கலந்து, அதை இன்ஜினுக்குள் பீச்சுகிற நாசில் அடைத்திருந்ததாம். சுத்தம் பண்ணி மாட்டி, டீசலையும் மாற்றினார். இன்ஜின் முதல் சுற்றில் இருமியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூணு மாசப் பாரம் சார்!

மறுநாள் அண்ணன் நேரத்துக்குப் போய் வலை கட்டினார். எங்களுக்கும் ஒரு கூடை இறால் வந்தது. இப்போது கரையில் நாலு இன்ஜின் இவருக்காகக் காத்திருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் கிரீஸ். சந்தோஷமாகத் துவைக்கிறேன்.

சத்தியத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று இன்னும் திட்டுகிறார். திட்டட்டும்... நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால், மனுஷன் இன்னும் லீவில்தான் இருந்திருப்பார்!