நாற்பத்தேழைத் தர மறுத்தவர்

டாக்டர் ஞானசுந்தரி இறந்துபோனதை எனக்கு யாரும் செய்தியாகச் சொல்லவில்லை. சரக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். ஆரியசாலையில் என் ரசாயனக் கடை வாசலில் லாரி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பேசியது அவருடைய ஆராய்ச்சி மாணவி ரேஷ்மா. மலையாளத்துப் பெண், என்னோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வாள்.

“அண்ணாச்சி, சிலிகா இப்போ அயக்க வேண்டா. லேப் அவதி.”

“திங்கக்கிழமை என்ன லீவு?”

“அறியலையா? டீச்சர் போயி, அண்ணாச்சி. நேத்து ஊருல அடக்கம் கழிஞ்சு.”

மார்த்தாண்டம் பக்கத்தில் தங்கை வீட்டில் வைத்து உயிர் பிரிந்திருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இத்தனை காலம் அவருக்குக் குடுவையும் கரைப்பானும் கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைக் குறையாகத்தான் எழுதுகிறேன்.

பிறகு ஆய்வகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதற்கும் அழைக்காமலே போனேன். பேசியவர்கள் எல்லாரும் அவருக்குப் பூப்போன்ற மனம் என்றார்கள், யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்றார்கள். என்னைப் பேசக் கூப்பிடவில்லை. அதனால் அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். இல்லையென்று சொல்ல அவரளவுக்குத் தெரிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

முதன்முதலில் அவர் என் கடைக்கு வந்ததே சண்டைக்குத்தான். நான் அனுப்பிய எத்தில் அசிடேட் கரைப்பான் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

“இதுல எத்தில் அசிடேட்டும் இருக்கு, வேற என்னமோவும் இருக்கு.”

“சீல் உடையாத பாட்டில், டாக்டர்.”

“சீலையா நான் ஆவியாக்கிப் பாத்தேன்?”

நிரூபியுங்கள் என்றேன். வாங்க என்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரோடு போனேன். இரண்டு குடுவைகளில் இரண்டு பாட்டில்களின் திரவத்தை ஆவியாக்கினார். வேறு கடையில் வாங்கியது தடயமில்லாமல் போயிற்று. என்னுடையதில் அடியில் மஞ்சளாக ஒரு படலம் மிஞ்சியது. “நான் உண்டாக்குத பொருளோட இந்த அழுக்கும் சேந்து போயி கேன்சர் செல்லைக் கொன்னுதுன்னு வைங்க. கொன்னது என் மருந்தா, உங்க அழுக்கான்னு யாரு சொல்லுவா?” என்று கேட்டார். அன்றே அந்தக் கம்பெனிச் சரக்கை நிறுத்தினேன். அவர்களிடம் நான் போட்ட சண்டை தனிக் கதை.

நான் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவன். அந்த மஞ்சள் படலம் என்னைத் தூங்கவிடவில்லை. சாலைக் கடைத்தெருவில் பழைய புத்தகக் கட்டுகளைக் கிளறி, கல்லூரி வேதியியல் புத்தகங்களை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். சந்தேகம் கேட்டால் டாக்டர் ஒருநாளும் “உங்களுக்குப் புரியாது” என்று சொன்னதில்லை. “தப்பு. திரும்பப் படிங்க” என்பார். படித்தவர்கள் பலரிடம் நான் பெறாத மரியாதை அது.

அவர்கள் செய்யும் வேலை எனக்கு மெல்ல விளங்கியது. ஒரு மூலக்கூறைக் கணினியில் வரைவார்கள். அதைக் குடுவையில் உண்டாக்குவார்கள். கண்ணாடிக் குழாயில் என் கடைச் சிலிகாத் தூளை நிரப்பி, அதன் வழியே இறக்கிச் சுத்தம் செய்வார்கள். கடைசியில் மிஞ்சும் சிட்டிகைப் பொடியைப் புற்றுநோய் செல்களின்மேல் விட்டுப் பார்ப்பார்கள். பலிக்காவிட்டால் மூலக்கூறின் ஒரு முனையை மாற்றி மறுபடி முதலிலிருந்து. பொடிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அப்படி வந்ததுதான் நாற்பத்தேழு.

நாற்பத்தேழு செல்களைக் கொன்றது. யார் சொல்லியோ பத்திரிகையில் வந்துவிட்டது, புற்றுநோய்க்கு மருந்து தயார் என்கிற மாதிரி. அந்த நேரத்தில் என் மனைவி செண்பகத்துக்குக் கர்ப்பப்பையில் வந்த நோய் திரும்பி வந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். கழக்கூட்டம் நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தபோது, கேட்டால் கொடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“பற்றாது, அண்ணாச்சி” என்றார். முடியாது என்பதற்கு அவர் ஊர்ச் சொல்.

நான் சத்தம் போட்டேன். மாணவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் என்னை உள்ளே அழைத்துப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஒரு தட்டில் புற்றுநோய் செல்கள் சுருண்டு மிதந்தன. அடுத்த தட்டில் நல்ல செல்கள், அவையும் பாதி சுருண்டிருந்தன.

“கொல்றது சுலபம். உங்க கடை பிளீச்சிங் பவுடர் இதைவிட நல்லாக் கொல்லும். எதை விட்டு வைக்குதுன்னு தெரியணும். நாற்பத்தேழு எதை விடும்னு எனக்குத் தெரியாது.”

“அவ செத்துக்கிட்டுத்தான இருக்கா. சாகுறவளுக்கு என்ன பரிசோதனை?”

“சாகுறவங்கன்னா என்ன வேணும்னாலும் குடுக்கலாமா, அண்ணாச்சி?”

வெளியே வந்து ஆட்டோ ஏறினேன். கடைக்காரன் பெண்டாட்டி என்பதால் தரவில்லை, தன் வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் அன்றைக்கே எடுத்துக்கொடுத்திருப்பார் என்று வழியெல்லாம் நினைத்தேன். அந்த நினைப்பு அன்றோடு போகவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் பேசமாட்டேன். செண்பகத்தின் கட்டிலருகே உட்கார்ந்து கால் பிடித்துவிடுவார். இருவரும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் அவர் காதுபடவே செண்பகத்திடம், “மருந்தைக் கேளு, நீ கேட்டாலாவது தருவாங்களா பாப்போம்” என்றேன்.

“அவங்க தரமாட்டாங்க. தந்தாலும் நான் திங்கப்போறதில்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காம, வந்த மனுஷிக்குப் போய்க் காப்பி போடுங்க” என்றாள் செண்பகம். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் காப்பி போட்டேன். செண்பகம் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் டாக்டர்தான்.

பின்னாளில் எலிகளுக்குக் கொடுத்தபோது நாற்பத்தேழு ஈரலைக் கெடுத்தது. ஆய்வகத்தில் சிலர் அதை என்னிடம் வந்து சொன்னார்கள், வழக்கு முடிந்தது என்பதுபோல. எனக்கு அந்த வழக்கு முடியவில்லை. நான் கேட்டபோது அது யாருக்கும் தெரியாது. தெரியாத காலத்தில் ஒரு மனிதன் கேட்டதற்கு, தெரிந்த பிறகு வந்து பதில் சொல்வது நியாயமில்லை. இதை டாக்டரிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, “அது செரிதான், அண்ணாச்சி. ஆனா அப்பவும் தரமாட்டேன்” என்றார்.

நாற்பத்தேழின் ஒரு முனையை மாற்றி மாற்றி அறுபத்தொன்று வரைக்கும் வந்தார். அது எலிகளில் கட்டியைச் சுருக்கியது. ஈரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி வேண்டும், மருந்துக் கம்பெனி ஒன்று முன்வர வேண்டும். அந்தக் காத்திருப்பின் நடுவில் அவருக்கே நோய் வந்தது. கணையத்தில்.

பட்டம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மிகவும் மெலிந்திருந்தார்.

“அறுபத்தொண்ணு இருக்குல்ல?”

“ஃப்ரிட்ஜ்ல இருக்கு.”

“எலிக்கு ஒண்ணும் ஆகலேல்ல?”

“எலிக்கு ஆகல.”

“அப்போ எடுத்துக்குங்க. உண்டாக்கினவங்க நீங்க. உங்களை யாரு கேக்கப் போறா?”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. “நான் தின்னு செத்தா, டாக்டரையே கொன்ன மருந்துன்னு அறுபத்தொண்ணையும் என்கூடப் புதைச்சிடுவாங்க. பிழைச்சாலும் எதனால பிழைச்சேன்னு யாருக்குத் தெரியும்? ஒரு ஆளை வச்சு ஒண்ணும் தெரியாது.” மூச்சு வாங்கினார். பிறகு, “அதுவும் போக, அண்ணாச்சி, அங்க போனா செண்பக அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கது?” என்றார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டிருந்தால் ஆயுள் முழுக்க மன்னித்திருக்க மாட்டேன். இரண்டும் உண்மை. அவரே வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அதுதான் கடைசியாகப் பார்த்தது.

செண்பகத்துக்கு அவர் மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. தானும் எடுத்திருக்க வேண்டும். இரண்டு முறையும் அவர் தவறு செய்தார் என்று அந்தக் கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தால் எழுந்து நின்றே சொல்லியிருப்பேன். ஆனால் என் வீட்டுக்கு ஒரு சட்டம், தன் வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். அந்த மறுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் இப்போது அது அவமானமாக இல்லை.