மதிலைத் தாண்டிய சூரியகாந்தி

லேத் பட்டறையைக் கடக்கும்போது, இரும்பு கடையும் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டின் நெடி அடித்தால் இன்றும் நான் எதிர்ப்பக்கம் மாறி நடப்பேன். கணபதி பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவின் பட்டறை இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி. வெட்டினாலும் வேரிலிருந்து தழைக்கும் ரகம் என்று சொல்லி அம்மா ஊட்டியிலிருந்து வாங்கிவந்த விதையைப் போட்டு வளர்த்த சூரியகாந்திகள் கொல்லையில் மதிலைத் தாண்டி நின்றன. அவற்றுக்கு அவள் புளித்த மோரைக் கரைத்து ஊற்றுவாள். பட்டறை வாளியில் பால்போல வெளுத்துக் கிடந்த கூலன்ட்டும் மோர் மாதிரிதானே என்று, சிறுபிள்ளையாக இருந்த நான் ஒருநாள் மொண்டு மொண்டு ஊற்றிவிட்டேன்.

இரண்டே நாளில், என்னைவிட இருமடங்கு உயரமான அந்தப் பூக்கள் கழுத்து மடங்கி என்னையே குனிந்து பார்த்தன. காய்ந்த இலைகள் உரசினால் என் பெயரைச் சொல்லிவிடுமோ என்று பயந்து, கொல்லைப் பக்கம் போவதையே விட்டேன்.

"பக்கத்தூட்டு அக்கா, 'என்ன ஒசரமுங்க'ன்னு கண்ணு வெச்சுப்போட்டாங்க," என்று அப்பாவிடம் சொன்ன அம்மா, அவர்களோடு பேச்சையே நிறுத்தினாள். அந்த அக்கா மதிலருகே வந்து, "ஏனுங்க, நானென்னுங்க செஞ்சுபோட்டேன்?" என்று கேட்டபோது, நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த மழைக்குச் செடிகள் வேரிலிருந்து துளிர்த்தன. பூக்கள் மறுபடி மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது, அந்தப் பக்கத்து வீடு காலியாகிப் பூட்டிக் கிடந்தது.