நாலாவது உலைக்குப் போய்வந்த பூட்ஸ்

இரும்பு ஆலை வாசலுக்கு எதிர்க்கடையில் பூட்ஸுக்கு அடி மாற்றித் தருகிறவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் ஓடிப்போய்ப் பதினாறு வருஷம். யாராவது கேட்டால், "அந்த ஆளுக்குப் பசை பத்தல" என்று சிரிப்பாள். புது பூட்ஸ் வாங்கப் போகிறவனை வழிமறித்து, "மேல்தோல் கல்லு மாதிரி இருக்குடா, கழட்டு" என்று அதட்டி உட்கார வைப்பாள். தேய்ந்த அடியைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவாள்.

அதனால்தான் உலைக்காரன் ஒருவனின் மனைவி மூன்றே மாதத்தில் மூன்றாவது முறை அதே ஜோடியைக் கொண்டுவந்தபோது பசையக்காவுக்குச் சுருக்கென்றது. இடது குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தது. அது அந்த உலைக்காரனின் நடை. நாலாவது உலையின் மேல்தளத்திலிருந்து கூட்டாளியோடு விழுந்தவன். கூட்டாளி அங்கேயே செத்துப்போனான். இவன் முதுகெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறான்.

"உங்க வீட்டுக்காரர் எழுந்து நடக்குறாரா?"

"இல்லக்கா."

"அப்ப இத யாரு போடுறா?"

"யாரும் போடல. வாசல்லயேதான் கிடக்கு. அவர்தான் தைச்சு வாங்கிட்டு வரச் சொல்றார்."

பசையக்கா நம்பவில்லை. தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிட்டு மழுப்புகிறாள் என்று நினைத்தாள். புது அடி வைத்துத் தைத்தாள். திருப்பிக் கொடுக்காமல் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் திறந்தாள். இடது குதிகாலின் ஓரம் மழுங்கியிருந்தது. அடியின் பள்ளங்களில் உலையடியின் செம்புழுதி. கையில் எடுத்தாள். கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல.

கடையை அப்படியே போட்டுவிட்டு பூட்ஸோடு அவன் வீட்டுக்குப் போனாள். நல்ல வெயில். கட்டிலில் கிடந்த உலைக்காரனின் கால்கள் குச்சியாகச் சூம்பியிருந்தன. உள்ளங்காலில் மட்டும் புதிதாய் ஒரு கொப்புளம்.

"வாங்கக்கா" என்றான். "இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியா போடுங்க. அங்க தரை ரொம்ப சுடுது."

"எங்க தம்பி போற?"

"உலைக்குத்தான். அவன் இன்னும் அங்கயே நிக்கிறான்க்கா. கூப்பிட்டா, வழி தெரியலங்கிறான். எப்படி விட்டுட்டு வர்றது?"

கதவோரம் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பசையக்கா கடைக்குத் திரும்பினாள். தன்னிடம் இருந்ததிலேயே தடித்த ரப்பரை எடுத்தாள். குத்தூசி இரண்டு முறை கை தவறி விரலில் ஏறியது. ஓரம் முழுக்க இரட்டைத் தையல் போட்டாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தாள். அவளே கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

நாலு நாள் கழித்து மனைவி ஓடிவந்தாள். "அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க."

வாசலிலிருந்து கட்டில்வரை செம்புழுதித் தடங்கள். ஒரு வரிசை பசையக்கா வைத்த அடியின் அச்சு. பக்கத்திலேயே இன்னொரு வரிசை, வெறுங்கால். இரண்டும் உள்ளே வந்திருந்தன. வெளியே போனதற்குத் தடமே இல்லை.

உலைக்காரன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். விழுந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு பயமா இருக்குக்கா" என்றாள்.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள் பசையக்கா. ஆனாலும் குனிந்து, அந்த வெறுங்கால் தடத்தை நாடாவால் அளந்தாள். எட்டாம் நம்பர்.

யாரும் வாங்க வராமல் கடையில் கிடந்த ஒரு ஜோடி அந்த அளவில் இருந்தது. அடி மாற்றி, புது லேஸ் கோத்து, மறுநாள் கட்டிலின் அந்தப் பக்கம், வெறுங்கால் தடம் போய் நின்ற இடத்தில் வைத்தாள்.

உலைக்காரனின் பூட்ஸ் அதன்பின் தேயவில்லை. பசையக்கா வாரம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போகிறாள். மனைவி நாற்காலியைக் கட்டிலின் இந்தப் பக்கமே போடுகிறாள். அவன் பேசுகிறான், சிரிக்கவும் செய்கிறான். நடுநடுவே அந்தப் பக்கம் திரும்பி, "இல்லடா?" என்று கேட்டுக்கொள்கிறான். பசையக்கா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஒரே ஒரு முறை பார்த்தாள். எட்டாம் நம்பர் பூட்ஸின் லேஸ் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.